கொலுசெழுத்து

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நான் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்த அச்சுக்கூடத்தில் பதினேழு வகை எழுத்து இருந்தது. பதினாறு வகை உழைத்துச் சாப்பிட்டது. ஒன்று மட்டும் மகாராணி. அதற்குத் தனிப் பெட்டி, பெட்டிக்கு மேல் சிவப்புத் துணி, துணிக்கு மேல் என் அதட்டல்.

சீமை எழுத்துகளுக்கு அடியில் சின்னதாகப் பாதம் வைத்து வார்ப்பது ஒரு நாகரிகம். பட்டணத்தில் எழுத்து வார்க்கிற எவனோ அதைப் பார்த்து ஆசைப்பட்டு, நம் எழுத்துகளுக்கும் மாட்டிவிட்டான். நேராக இறங்கும் கோடு எல்லாம் அடியில் ஒரு வளையத்தில் போய் நிற்கும். வளையத்தில் ஒரு மொட்டு இருக்கும். சுழிகள் நுனியில் அவரைக்கொடி மாதிரி சுருண்டுகொள்ளும். விலைப் பட்டியலில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் போட்டிருந்தான், எங்கள் வாயில் நுழையவில்லை. மிஷின் ஓட்டும் ராசுதான் முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, எல்லா எழுத்தும் கொலுசு போட்டிருக்குதுங்க" என்றான். அன்றிலிருந்து அது கொலுசெழுத்து.

பார்க்க அழகாக இருப்பதோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் கஷ்டம். இரண்டு வரி கோத்தால் கண்ணைப் பறிக்கும். மூன்றாவது வரி கோத்தால் சந்தைக் கூட்டம், எவன் முகமும் தெரியாது. வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாக இடம் விடவேண்டும். இடுக்கியால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் சுருள் ஒடிந்துபோகும். ஒரு நாடகக் கம்பெனி மானேஜர் வந்து, நோட்டீஸ் முழுவதும் அந்த எழுத்திலேயே அடித்துத் தரச் சொல்லி அடம் பிடித்தான். "கொலுச காலுலதான் போடணும். தலையிலயும் கழுத்துலயும் மாட்டிக்கிட்டுத் தெருவுல போனா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான். போகட்டுமே. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

கல்யாணப் பத்திரிகையில் சாமி பெயர், பெண் மாப்பிள்ளை பெயர், தேதி. இந்த மூன்றுக்கு மட்டும் கொலுசெழுத்து. மீதியெல்லாம் சாதா எழுத்து. ஏல நோட்டீசுக்கு எடுக்கமாட்டோம். கருமாதிப் பத்திரிகைக்கு அந்தப் பெட்டியின் பக்கமே போகமாட்டோம். இது முதலாளி போட்ட சட்டமில்லை. நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர்கள் போட்ட சட்டம். எழவுக்குப் போன எழுத்து கல்யாணத்துக்கு வரக்கூடாது என்பார்கள். வண்டி கட்டி வந்து இறங்கியதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அப்புறம்தான் தண்ணீரே குடிப்பார்கள்.

அந்த எழுத்திலும் நிறையக் கிடையாது. 'ம' பன்னிரண்டே பன்னிரண்டு. ஒரு சமயத்தில் ஒரு கல்யாணத்துக்குத்தான் காணும். ஒன்றை அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்ட பிறகுதான் அடுத்ததைக் கோக்க முடியும்.

எனக்கு ஒரே பெண். ஞானமேரி. வாய் என்னுடைய வாய். பேச ஆரம்பித்தால் எதிராளி களைத்துப் போய் எழுந்திருக்க வேண்டும். அவளுக்கு ராயப்பன் என்று ஒரு பையனைப் பேசி முடித்தோம். சூரமங்கலத்தில் இரயில் ஆபீசில் குமாஸ்தா, தங்கமான பையன். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவசுக்காலத்தில் எங்கள் வேதக்காரரில் கல்யாணம் கிடையாது. அதனால் பாஸ்குத் திருநாள் கழிந்து, சித்திரை மாதம் 12ஆம் தேதி புதன்கிழமை என்று கோவில் சாமியார் நாள் குறித்துக் கொடுத்தார்.

"கொலுசெழுத்து இப்பச் சும்மாத்தான் கெடக்குது, சித்திரை பொறந்துட்டா அதுக்கு ஓய்வே இருக்காது யாகப்பா. உன் புள்ள பத்திரிகைய இப்பவே கோத்துக் கட்டி வெச்சிரு. நல்ல அட்டை வந்ததும் அடிச்சுக்கலாம்" என்றார் முதலாளி நாச்சிமுத்து. பூமி விற்ற பணத்தில் அச்சுக்கூடம் வைத்த மனிதர். எழுத்து தெரியாவிட்டாலும் மனிதரைத் தெரியும். தவசுக்காலம் பிறக்கும் முன்பே கோத்தேன். கோத்த எழுத்துகளை நூலால் சுற்றிக் கட்டி, ஜன்னலுக்குக் கீழே கல்லின் மேல் வைத்தேன். ஒரே ஒரு ப்ரூப் தாள் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஞானமேரி அதை வாங்கித் தன் பெயரின் மேல் விரலை ஓட்டினாள். "அப்பா, நீங்க எனக்குக் கொலுசு வாங்கித் தரமாட்டேன்னீங்க. இப்ப பேருக்கே போட்டுட்டீங்களே" என்று சிரித்தாள். நான் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

தவசுக்காலத்தின் மூன்றாம் வாரம் அவளுக்கு விஷக்காய்ச்சல். பதினெட்டு நாள் கிடந்தாள். பத்தொன்பதாம் நாள் இல்லை.

கல்யாணமாகாத பெண்ணை எங்களில் மணப்பெண்ணாக அலங்கரித்துத்தான் பெட்டியில் வைப்பார்கள். கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டினார்கள். தலையில் பூமுடி வைத்தார்கள். என் மனைவி சகாயம்மாள் அந்தப் ப்ரூப் தாளை நாலாக மடித்து அவள் கைக்குள் வைத்தாள். ராயப்பன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. பெரிய வைராக்கியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். வரவில்லை, அவ்வளவுதான். பெட்டிக்கு ஆணி அடித்தபோது, அதில் ஓர் ஆணி கோணலாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்காம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். சோறு இறங்கியது. தூக்கம்கூட வந்தது, அந்த வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல? எல்லாம் பக்கத்து வீட்டில் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது. ராசு ஒரு தட்டு எழுத்தைக் கைதவறித் தரையில் கொட்டிவிட்டான். முன்னாளாக இருந்தால் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். அவன் பயந்துபோய், "அண்ணே, ரெண்டு வார்த்தை திட்டிருங்கண்ணே" என்று கெஞ்சினான். திட்டவும் வரவில்லை.

ஜன்னலுக்குக் கீழே அந்தக் கட்டு அப்படியே இருந்தது.

பங்குனிக் கடைசியில் சென்னிமலைக் கவுண்டர் வந்தார். பரமத்திப் பக்கத்துக்காரர், நல்ல காட்டுக்கும் தோட்டத்துக்கும் சொந்தக்காரர். மகள் வசந்தாமணிக்குச் சித்திரை 19 புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் சுப்பையனும் கூட வந்திருந்தார். கவுண்டர் சாது. சுப்பையன் அப்படியில்லை. தும்மினால்கூட எந்தத் திசையில் தும்மினான் என்று கேட்கிற மனிதர்.

"ஏனுங்க, இந்த எழுத்துல எழவு ஓலை கிழவு ஓலை ஏதாச்சும் அடிச்சிருக்கறீங்களா? ஒளிக்காமச் சொல்லிப்போடுங்க. எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம் இப்படித்தானுங்க. சாவுக்கு எடுத்த அச்சுன்னு தெரிஞ்சுது, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க தட்ட மாத்த மாட்டோம்னுட்டாங்க. அந்தப் புள்ள இன்னும் ஊட்டுலதான் இருக்குது. எங்க ஊட்டுலயும் அப்படித்தான் செய்வோம், ஆமா."

முதலாளி நெஞ்சில் கை வைத்து, "கல்யாணத்தத் தவுத்து வேற எதுக்கும் அதத் தொடமாட்டோமுங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அது பொய்யில்லை. கல்யாணத்துக்குக் கோத்த எழுத்துதானே.

அவர்கள் போன பிறகு முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாகப்பா, எழுத்து வேணுமே. ராசுவ உட்டுப் பிரிக்கச் சொல்லட்டுமா?"

"எவனும் தொடக்கூடாது" என்றேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக என் பழைய குரல் வந்தது. அதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். உடனே போய்விட்டது.

நானே நூலை அவிழ்த்தேன். எழுத்தைப் பிரிப்பது கம்பாசிட்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நாலு எழுத்தைக் கையில் எடுப்பது, அதனதன் அறையில் போடுவது. ஒவ்வொன்றும் டக்கென்று விழும். 'சேசு மரி சூசை துணை' போனது. ஞானமேரி போனாள். ராயப்பன் போனான். பெண்ணின் தகப்பன் என்று என் பெயர் சாதா எழுத்தில் இருந்தது, அதுவும் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கமான கூலி வேலை போலத்தான் இருந்தது.

கடைசியாகத் தேதி வரி மிஞ்சியது. 'பவ வருஷம் சித்திரை மாதம் 12ஆம் தேதி புதன்கிழமை காலை.' அங்கே கை நின்றது. நின்றதற்குத் தொழில் நியாயம் ஒன்று உண்டு. கவுண்டர் வீட்டுக்கும் இதே வருஷம், இதே மாதம், இதே புதன்கிழமை, இதே காலை. 2ஐ எடுத்துவிட்டு 9ஐ வைத்தால் முடிந்தது. தயாராக நிற்கிற வரியை உடைத்துத் திரும்பக் கோக்கிறவன் கம்பாசிட்டர் இல்லை, மடையன். எந்த அச்சுக்கூடத்திலும் இப்படித்தான் செய்வார்கள். அந்த வரியை நடுவில் வைத்து, மேலேயும் கீழேயும் வசந்தாமணியின் கல்யாணத்தைக் கோத்தேன். கடைசியில் பெட்டியிலிருந்து 9ஐ எடுத்தேன். எடுத்தவரை ஞாபகம் இருக்கிறது.

ப்ரூப் பார்க்கச் சுப்பையன் வந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். எந்தச் சித்தப்பன் பெயர் முன்னால், எந்த மாமன் பெயர் பின்னால் என்று நான்கு தடவை மாற்றச் சொன்னார். பெரியப்பன் பெயர் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருப்பதாகச் சண்டை பிடித்தார். தேதியை அவர் பார்க்கவில்லை. அது அவருக்குத் தெரிந்த தேதிதானே, எதற்குப் பார்க்கவேண்டும்? நான் மூன்று முறை படித்தேன். 12, புதன்கிழமை. சரி. அந்தத் தேதி சரி என்றுதானே மூன்று மாதமாக என் கண்ணுக்குத் தெரியும். ஐந்நூறு பத்திரிகை அடித்துக் கட்டிக்கொடுத்தோம்.

நெருங்கின சொந்தத்துக்குப் பாக்கு வெற்றிலை வைத்து வாயால் சொல்வதுதான் அவர்கள் வழக்கம். பத்திரிகையைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டு, வாயால் சொன்ன நாளில் வருவார்கள். படித்துப் பார்த்து வருகிறவர்கள் தபாலில் பெற்ற தூரத்துக்காரர்கள்தான்.

சித்திரை 12 வந்தது. விடிந்ததும் சகாயம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்குக் கிளம்பினாள்.

"நீங்க வரலியா?"

"வேல இருக்கு" என்றேன்.

ஒரு வேலையும் இல்லை. சீக்கிரமாகவே அச்சுக்கூடத்துக்குப் போய், ஆணியில் தொங்கிய காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டேன். அதன் பையில் எப்போதும் நூலும் தகட்டுத் துண்டும் கிடக்கும். நூலுக்காகப் பையின் அடிவரை கையை விட்டேன். விரலில் ஓர் எழுத்து தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். கொலுசு போட்ட 9.

மாதிரிக்கு ஒட்டி வைக்கிற புத்தகத்தைப் புரட்டினேன். வசந்தாமணி கல்யாணப் பத்திரிகை. சித்திரை மாதம் 12ஆம் தேதி புதன்கிழமை காலை. அதாவது இன்றைக்கு, இந்நேரத்துக்கு.

முதலாளி வந்ததும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி! ஊரே இப்ப அங்க போய் நிக்குமேடா!" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"நீயே போ. மொத பஸ்சுல போ. தப்பு எங்க கையிலன்னு காலுல உழுந்தாவது சொல்லு. அவங்க சொல்ற எடத்துக்கெல்லாம் இன்னிக்கே நான் ஆளு உட்டுத் தேதி மாறுனதச் சொல்றேன். ஆனா ஒண்ணு. அது யாரு தேதின்னு மட்டும் சொல்லிராத யாகப்பா. அந்தச் சுப்பையனுக்குத் தெரிஞ்சா கல்யாணத்த நிறுத்திப்போடுவான். ஒரு புள்ள தலையெழுத்துடா."

நாமக்கல்வரை ஒரு பஸ், பரமத்திக்கு இன்னொன்று, அப்புறம் நடை. வழியெல்லாம் சோளத்தட்டு காய்ந்து நின்றது. பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. ஆனால் பொய் சொல்வது எனக்குப் பிறந்ததிலிருந்து வராத வித்தை. யாருடைய தேதி என்று கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். என் மகளுடைய தேதியை நானே எப்படி இல்லை என்பேன்?

கவுண்டர் வீட்டு வாசலில் ஏழெட்டு வண்டி அவிழ்த்துக் கிடந்தது. வேப்பமரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டு அங்கவஸ்திரம், கையில் தேங்காய் பழத்தட்டு, முகத்தில் அசடு. பந்தல்கால்கள் சுவரோரம் கட்டாகக் கிடந்தன. பெண்கள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அடுப்புக்கும் கிணற்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, வாங்க. நீங்களும் நாளு தப்பி வந்துட்டீங்களா?" என்றார் கவுண்டர் அலுப்போடு. பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்தது.

"தப்பு என் கையிலதாங்க. நான்தான் எண்ண மாத்தாம உட்டுட்டேன்" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பாயிலிருந்து எழுந்தவர் சுப்பையன். தூரத்து உறவினர் ஒருவர் முதலில் அவர் வீட்டுக்குப் போய் நின்றதால் விஷயம் தெரிந்து ஓடி வந்திருந்தார்.

"எங்களுது பத்தொம்பது. இந்தப் பன்னெண்டு எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்து உழுந்துச்சா? வேற ஒருத்தருக்கு வெச்ச நாளுதான எங்க பத்திரிகையில ஏறியிருக்குது? யாரு நாளு அது? நல்ல காரியமா, கெட்ட காரியமா? அதச் சொல்லிப்போட்டுத்தான் நீ இங்கிருந்து நகரோணும்."

பாயில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். முகத்தில் காயாத மஞ்சள். வசந்தாமணியாகத்தான் இருக்கவேண்டும். அவள் சுப்பையனைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானமேரி வயதுதான் இருக்கும்.

"கல்யாணந்தாங்க" என்றேன். "என் மகள் கல்யாணம்."

அடுத்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் இல்லை, செத்துப்போய்விட்டாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து கவுண்டரின் மனைவி வள்ளியாத்தாள், கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

"அய்யோ சாமி! இன்னிக்கு உங்க ஊட்டுல கல்யாணமா? பெத்த புள்ளைக்குக் கல்யாணத்த வெச்சுக்கிட்டு, அத உட்டுப்போட்டு எங்களுக்குச் சொல்றதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?"

நான் வாயை மூடிக்கொண்டேன். நிலைப்படியில் நின்ற பெண் மூச்சுவிட்டது எனக்குத் தெரிந்தது.

"இந்நேரம் தாலி ஏறியிருக்குமுங்களா?" என்று கேட்டார் வள்ளியாத்தாள்.

"ஆச்சுங்க" என்றேன். "காலையிலயே முடிஞ்சுதுங்க."

சுப்பையன் மீசையைத் தடவினார். "நல்ல காரியந்தானா? அப்பச் சரி. நல்லதுக்கு வெச்ச நாளு நம்மளுதுல கலந்துச்சுன்னா தோசமில்ல" என்று தன் பாயில் போய் உட்கார்ந்துகொண்டார். மரத்தடியில் ஒரு பெரியவர் சிரித்தார். "பின்ன என்னப்பா? நாமளும் கல்யாணத்துக்குத்தான வந்தோம்! இவரு புள்ள கல்யாணத்துக்கு வந்ததா இருக்கட்டும்" என்றார். ஆளாளுக்கு ஆமாம் ஆமாம் என்றார்கள். அதுவரை தேங்காயும் கையுமாக அசடு வழிந்துகொண்டிருந்தவர்களுக்கு உட்கார ஒரு கல்யாணம் கிடைத்துவிட்டது. எல்லார் முகமும் தெளிந்தது.

இலை போட்டார்கள். என் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்து, "வேதக்காரருங்களா?" என்று யாரோ கேட்டார்கள். வரிசையில் சேர்க்காமல், கடைசியில் கொஞ்சம் தள்ளி எனக்கு ஓர் இலை விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். அன்றைக்கு உட்கார்ந்தேன். வள்ளியாத்தாள் மட்டும் அந்த இடைவெளியைக் கண்டுகொள்ளவில்லை. வரிசைக்குப் போவதற்கு முன் என் இலைக்கே வந்து, "மொதப் பந்தி பொண்ணப் பெத்தவருக்குத்தானுங்க" என்று பரிமாறினார். பெரியவர் தன் இலையிலிருந்தே உரக்கச் சொன்னார்.

"புள்ள பேரு என்னங்க?"

"ஞானமேரிங்க."

"ஞானமேரி புள்ளகுட்டி பெத்து, நூறு வயசு நல்லா இருக்கோணும்."

நாற்பது ஐம்பது பேர் சோற்றுக் கையோடு, இருக்கோணும், இருக்கோணும் என்றார்கள்.

"சரிங்க" என்றேன்.

புறப்படும்போது வள்ளியாத்தாள் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். குமாரபாளையத்துச் சேலை ஒன்று, மஞ்சள், குங்குமம், தேங்காய், வாழையிலையில் பொதிந்த மல்லிகை. "உங்கள்ல மஞ்சள் பூசுவாங்களோ என்னமோ, தெரியாதுங்க. சாமி எதுவா இருந்தாலும் கல்யாணம் கல்யாணந்தானுங்க. இது எங்க ஊட்டுச் சீருன்னு புள்ள கையில கொடுங்க" என்றார். வசந்தாமணி கூடவே வந்து நின்றாள். அவள் கையில் பத்திரிகை இருந்தது.

"அவுங்களுக்கும் இந்தக் கொலுசு போட்ட எழுத்துதானுங்களா?" என்று கேட்டாள்.

அவளுக்கு யாரும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க முடியாது. தானாகவே அப்படித் தோன்றியிருக்கிறது. எங்கள் ராசுவுக்குத் தோன்றியதுபோல, ஞானமேரிக்குத் தோன்றியதுபோல.

"ஆமா சாமி" என்றேன். "மொதல்ல அவளுக்குத்தான் கோத்தேன்."

முதலாளி ஆள் விட்டு எல்லாருக்கும் தேதியைச் சொன்னார். 19ஆம் தேதி வசந்தாமணியின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். என் வேலையும் போகவில்லை. இதெல்லாம் பிந்திய கதை.

அன்றைக்குப் பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் இலைப்பொதி நசுங்கி, என் வேட்டியெல்லாம் மல்லிகை வாசம். சகாயம்மாள் அடுப்பு மூட்டாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். தட்டை அவள் முன்னால் வைத்தேன். சேலையைப் பார்த்தாள், மஞ்சளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க போயிருந்தீங்க?"

"கல்யாணத்துக்கு."

"யாரு கல்யாணம்?"

"நம்ம புள்ள கல்யாணம்" என்றேன். "அம்பது பேர் வந்திருந்தாங்க. வண்டி கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. இது அவளுக்கு வந்த சீர்."

எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று அவள் கத்துவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சேலையை எடுத்து மடியில் வைத்து, அதன் மடிப்பைக் கையால் நீவி விட்டாள். வெகு நேரம் நீவினாள். அப்புறம் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்களிடம் எல்லாப் பெண்களும் கேட்பதைக் கேட்டாள்.

"என்ன போட்டாங்க?"

"அரிசியும் பருப்பும்" என்றேன். "அதுக்கு நெய். கத்தரிக்கா. ரசம். தயிரு." சொல்லிக்கொண்டே வந்தேன். "கடைசியில சோத்துல பழமும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு…"

அதற்கு மேல் வரவில்லை. ஞானமேரிக்கு அது பிடிக்கும். சின்ன வயதில் சோற்றில் பழத்தைப் பிசைந்து கொடுத்தால்தான் வாயைத் திறப்பாள். சகாயம்மாள் எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள். "பழமும் சர்க்கரையும் போட்டு?"

"நெய் ஊத்தினாங்கடி" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் என் மகளுக்காக அழுதேன்.